நாற்காலிக்கு விலை சொன்ன நாள்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் விற்றதில்லை. என் தகப்பனார் மராட்டியர் ஊரான கட்கியில் தோட்டா ஃபேக்டரி ஃபிட்டர். நான் அதே ஃபேக்டரியில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வுக்குப் பிறகு பென்ஷன். அக்கம்பக்கத்தாருக்குக் கைவேலை ஏதாவது செய்து கொடுப்போம். அவர்கள் "எவ்வளவுங்க?" என்று கேட்டால், "நீங்க பார்த்துக் குடுங்க" என்போம். கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், கொடுக்காவிட்டால் வாய்விட்டுக் கேட்கமாட்டோம். நாங்கள் குடியிருக்கும் போபோடியில், தமிழ்க் குடும்பங்களுக்குள் எங்கள் அருணாச்சலம் வீடு என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. அதற்கு இது ஒரு காரணம். சொன்ன சொல்லை நாங்கள் மாற்றுவதில்லை என்பது இன்னொரு காரணம்.

இப்படிப்பட்ட வீட்டில் என் மகன் கோவிந்தராஜ் வியாபாரப் புத்தகங்கள் படிக்க ஆரம்பித்தான்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு பர்னிச்சர் கடையில் சர்வீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பல்வந்த் சௌக் என்கிற புத்தகக் கடைத் தெருவுக்குப் போய், நடைபாதையில் பழைய புத்தகங்களைக் கிளறி எடுத்து வருவான். எல்லாம் இங்கிலீஷ். அட்டையில் டை கட்டிய ஒருவன் கைகளைக் கட்டிக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பான். கோவிந்தராஜ் அதிகம் படித்த புத்தகத்தின் முதல் பக்கத்தில், மிலிந்த் என்கிற யாரோ ஒரு பையனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருந்தது. மிலிந்த் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. கோவிந்தராஜ் வாங்கி வந்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கத்தியால் பிரித்துப் பிரித்துப் படித்தான்.

படித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை, படித்தபடி நடக்கவும் தொடங்கினான். காலையில் கண்ணாடி முன் நின்று, "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொள்வான். அதை முதலில் கேட்ட அன்று என் மனைவி பவுன் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவனைத் திருப்பி நிறுத்திச் சுற்றிப் போட்டாள்.

"இன்னாம்மா இது?"

"தனியா பேசறியேடா. எந்தக் கண்ணு பட்டுச்சோ."

"மனசுக்கு தைரியம் சொல்லிக்கறேன்மா. புத்தகத்துல போட்டிருக்கு."

"அதான் நானும் சொல்றேன். மொளகா நெடியே வரல பாரு, அவ்ளோ திருஷ்டி."

அந்த வருடம் சரஸ்வதி பூஜையில் அவன் இந்தப் புத்தகங்களைப் பலகையில் வைக்க வந்தான். வேண்டாம் என்றேன். பாடப் புத்தகம் வைக்கலாம், ராமாயணம் வைக்கலாம். சரஸ்வதி உட்காரும் இடத்தில் டை கட்டினவனெல்லாம் உட்காரக்கூடாது என்றேன். அவன் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வருடம், 2004இல், வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான்.

காரணம் கேட்டேன். ஊரெங்கும் கம்ப்யூட்டர் ஆபீஸ்கள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் சுழல் நாற்காலிகள், சக்கரம் உடைந்தாலும் உட்காரும்போது கீழே இறங்கிப் போனாலும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள் என்றான். "மத்தவங்க தூக்கிப் போடறத பாரு, அங்கதான் ஒன் தொழில் இருக்குன்னு எழுதியிருக்கு நைனா. நான் அத ரிப்பேர் பண்ணப் போறேன்."

"நாற்காலி ரிப்பேர்."

"ஆமா நைனா."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வெளியே கிளம்பினான்.

பழைய சாமான் கடையிலிருந்து நாற்காலிகள் வந்து இறங்கின. கூடத்தில், வாசல் வழியில், மகள் காவ்யா படிக்கும் மேஜையருகில் எல்லாம் ஒற்றைக் கையும் இல்லாத முதுகுமாக நாற்காலிகள். சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன, உங்க வீட்டுல சட்டசபை கூடுதா?" என்று கேட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவன் சரிசெய்து நிறுத்திய நாற்காலியில் எந்தச் சத்தமும் வரவில்லை. ஃபேக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் வேலையைச் சோதித்துப் பார்த்தவன் நான். அதை அவனிடம் சொல்லவில்லை.

வேலை வரத்தான் செய்தது, கூலிதான் வரவில்லை. எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் செயலாளர் கிருஷ்ணஸ்வாமி என்னோடு ஃபேக்டரியில் இருந்தவர். மன்றத்து இரும்பு நாற்காலிகள் அத்தனையையும் இவனிடம் கொடுத்தார். இவன் வெல்டு வைத்து, பெயிண்ட் அடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தான். எவ்வளவு என்று கேட்டாராம். வழக்கப்படி, "நீங்க பார்த்துக் குடுங்க மாமா" என்றிருக்கிறான். அவர் பார்த்துக் கொடுத்தார். ஆண்டு விழா மேடைக்கு அழைத்து, மைக்கில் பேர் சொல்லி, ஒரு பொன்னாடை போர்த்தினார். கூடவே ஒரு தேங்காய். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பவுன் பொன்னாடையை விரித்துப் பார்த்தாள். "வெல்டிங் ராடு வாங்கின கடையில இத வெட்டிக் குடுத்தா எடுத்துப்பானா?" என்று கேட்டுவிட்டு, தேங்காயை உடைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு கிருஷ்ணஸ்வாமி என்னைத் தேடி வந்தார். அவருடைய மச்சான் சிஞ்ச்வடில் ஒரு கம்பெனியில் மேனேஜர். ஸ்டோர் கீப்பர் வேலை ஒன்று காலியாக இருந்தது.

"சார்ஜ்மேன், மனசுல வெச்சிக்காதீங்க. உங்க வீட்டுப் பையன் நாற்காலிய தலையில தூக்கிட்டு மார்க்கெட்டுல போறத பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு. விஜயதசமி அன்னைக்கு சேர்ந்துடட்டும். அதுவரைக்கும் சீட்டு அவனுக்குத்தான்."

நன்மை நினைத்து வந்தவர். ஆகவே நின்றபடி பதில் சொன்னேன். "அதுக்குள்ள அவனுக்குன்னு நிலையா ஒண்ணு அமையலன்னா, விஜயதசமி அன்னைக்கு உங்க மச்சான் முன்னால அவன் நிப்பான். இது என் வார்த்தை."

கோவிந்தராஜைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சரி நைனா. உங்க வார்த்தை கீழ விழாது" என்றான். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து தட்டில் சோறு வைத்த பிறகும் புத்தகத்தை மூடவில்லை.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. மகர்பட்டாவில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, உடைந்த நாற்காலிகளில் இரண்டைச் சோதனைக்காகக் கொடுத்திருந்தது. வேலை பிடித்துப்போய், வருடம் முழுவதும் அத்தனை நாற்காலிகளையும் பார்த்துக்கொள்ள என்ன கேட்கிறாய், நேரில் வந்து சொல் என்று கூப்பிட்டிருந்தார்கள். அது கிடைத்தால் தொழில். கிடைக்காவிட்டால் சிஞ்ச்வட் ஸ்டோர் ரூம்.

வேலையைப் பற்றி அவனுக்குப் பயமில்லை, விலை சொல்லத்தான் பயம். மிலிந்தின் புத்தகத்தில் அதற்கு ஒரு அத்தியாயமே இருந்ததாம். விலையைச் சொல், சொன்ன பிறகு வாயை மூடிக்கொள், எதிராளி பேசுகிறவரை நீ பேசாதே. இதைப் பழகுவதற்கு அவன் தன் தாயாரைப் பிடித்தான். பவுன் ஒரு சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. மடியில் முறத்தை வைத்துக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே அதிகாரியானாள்.

"இன்னாப்பா, எவ்ளோ கேக்கற?"

அவன் சொன்னான்.

"இவ்ளோவா?"

"இல்ல... வேணும்னா கொறைச்சிக்கலாம்."

"நான் இன்னும் கொறைக்கச் சொல்லவே இல்லியேடா."

காவ்யா மேஜையிலிருந்து கத்தினாள். "அண்ணா, அம்மா உன்னை பூரா லூட் பண்ணிட்டா!"

"மறுபடி கேளும்மா."

மறுபடி கேட்டாள். சொன்னான். இந்த முறை பவுன் பதிலே பேசவில்லை. காய் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் உதட்டைக் கடித்தான், கூரையைப் பார்த்தான், கழுத்தைத் துடைத்தான். கடைசியில் தண்ணீருக்குள் மூச்சுப் பிடித்தவன் மேலே வருவதுபோல் சொன்னான்: "நீங்க பார்த்துக் குடுங்க."

பவுன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இது புத்தகத்துல இல்லடா. இது உங்க நைனா அச்சடிச்சது."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து படித்தேன்.

போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அவன் என் எதிரில் வந்து நின்றான். "நைனா, நாளைக்கு நீங்க கூட வரணும். பெரிய எடத்துக்குப் போறப்ப நரைச்ச தலை ஒண்ண கூட்டிட்டுப் போன்னு எழுதியிருக்கு. நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா உக்காந்தா போதும்."

"அது அவருக்குக் கைவந்த கலையாச்சே" என்றாள் பவுன்.

சம்மதித்தேன். என் வார்த்தைக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அமைந்ததா இல்லையா என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டால் கிருஷ்ணஸ்வாமிக்குத் தெளிவாகப் பதில் சொல்லலாம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஃபேக்டரியில் விடை கொடுக்கும்போது கட்டிவிட்ட கைக்கடிகாரம் இரண்டையும் போட்டுக்கொண்டு, அவனுடைய பழைய பஜாஜ் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மகர்பட்டாவை ஒட்டிய ஹடப்ஸர் வரைக்கும் அவன் தோளைப் பிடிக்கவில்லை.

கண்ணாடிக் கட்டடங்கள். வெட்டி ஒழுங்குபடுத்திய புல். வாசலில் காவலாளி சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தான். நான் கையிலேயே வைத்துக்கொண்டேன். எங்களை உள்ளே அழைத்தவர் திருமதி கானிட்கர் என்கிற மராட்டியப் பெண்மணி. அந்தக் கட்டடத்தின் நாற்காலி, மேஜை, விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. பருத்திப் புடவை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கள். உங்கள் மகன் சரிசெய்ததுதான்."

உட்கார்ந்தேன். சாய்ந்து உட்காருகிற பழக்கம் எனக்கில்லை. நாற்காலி கீழே இறங்கவில்லை, சத்தம் போடவில்லை. என்னைத் தாங்கி நின்றது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் என் மகன் கைவேலை மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. சட்டையின் கைப்பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

அவர் வேலையைப் பற்றிக் கேட்டார். கோவிந்தராஜ் நன்றாகவே சொன்னான். பிறகு அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"சரி. எவ்வளவு?"

அவன் சொன்னான். வீட்டில் தாயாரிடம் சொன்ன அதே தொகை. குரல் நடுங்கவில்லை.

அவர் எழுதிக்கொண்டார். பேசவில்லை. ஏ.சி. மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"வேறொருவர் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருக்கிறார்" என்றார்.

கோவிந்தராஜ் உதட்டைக் கடித்தான். கழுத்தைத் துடைத்தான். எனக்கு அந்த அடையாளங்கள் தெரியும், கொத்தவரங்காய் நாளில் பார்த்தவைதான். திரும்பி அவனைப் பார்த்தேன். சாப்பிடும்போது பேசுகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை என்று பவுன் சொல்வாள். திறக்கப் போன வாய் மூடிக்கொண்டது.

அந்தப் பெண்மணி கெட்டிக்காரர். அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காகா, தும்ஹீச் சாங்கா" என்றார். பெரியவரே, நீங்களே சொல்லுங்கள் என்று.

'நீங்கள் பார்த்துக் கொடுங்கள்' என்பது என் நுனி நாக்கில் வந்து நின்றது. என் தகப்பனாரின் சொல் அது. மரியாதைக்குரிய ஒரு பெண்மணி, பெரியவர் என்று மதித்துக் கேட்கிறார். அதைச் சொல்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அதற்கு முன்பே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டானே. நான் வாய் திறந்து அதை இறக்கினால் அந்த மேஜைக்கு முன்னால் அவன் சொல்லுக்கு என்ன மதிப்பு? நாளைக்கு அவன் எதைச் சொன்னாலும், இதை மாற்ற ஒரு காகா இருப்பார் என்று தேடுவார்கள்.

எனக்குத் தெரிந்த மராட்டியில் சொன்னேன். "தொழில் அவனுடையது. விலை சொன்னவனும் அவன். எங்கள் வீட்டில் ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் மாற்றுவதில்லை."

பிறகு பேசவில்லை. அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அவர் என்னையே பார்த்தார். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என் மாமனார் இப்படித்தான். சதாசிவ் பேட்டைக்காரர்; அந்தப் பேட்டையில் சொன்னால் சொன்னதுதான். தமிழர்களிலும் சதாசிவ் பேட்டைக்காரர்கள் உண்டென்று எனக்குத் தெரியாது." பிறகு கோவிந்தராஜிடம், "விலை சரி. ஆனால் கூப்பிட்டால் அன்றைக்கே வரவேண்டும். நாளை, நாளை மறுநாள் என்ற பேச்சு கூடாது" என்றார்.

"வருவேன் மேடம்" என்றான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

கையெழுத்தான காகிதத்தோடு வெளியே வந்தோம். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றதும் அவன் என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கையை நீட்டிவிட்டான். புத்தகத்தில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், நல்ல காரியம் முடிந்தால் கை குலுக்கு என்று. நீட்டிய பிறகுதான் எதிரில் நிற்பது நைனா என்பது உறைத்தது போலிருக்கிறது. காலில் விழுவதா, கையை இழுத்துக்கொள்வதா என்று பாதி குனிந்து தடுமாறினான். நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை. எங்கள் வீட்டில் தகப்பனும் மகனும் கை குலுக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"நைனா, நீங்க அந்தப் புத்தகத்தப் படிச்சீங்களா?"

"இல்லை."

திரும்பும்போது ஹடப்ஸர் பாலத்தில் ஒரு பள்ளம் வந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. என் தகப்பனாரின் அரம், என் பழைய அளவுகோல், கோவிந்தராஜின் ஸ்பேனர்கள், காவ்யாவின் கல்லூரிப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பவுன் துடைத்துப் பலகையில் அடுக்கினாள். கோவிந்தராஜ் தன் புத்தகங்களைக் கொண்டுவரவில்லை, ஒருமுறை வேண்டாம் என்றது போதும் அவனுக்கு. நான் எழுந்து போய், அவன் கட்டிலிலிருந்து மிலிந்தின் புத்தகத்தை எடுத்து வந்து அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து, அட்டையில் கைகட்டி நிற்கும் டைக்காரனின் நெற்றியில் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டேன்.

"இன்னாங்க இது, அவனும் நம்மாளு மாதிரி ஆயிட்டான்!" என்றாள் பவுன்.

கோவிந்தராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாம்பிராணிப் புகை என்றான். சாம்பிராணி இன்னும் போடவில்லை.

கற்பூரம் காட்டும்போது கும்பிட்டேன். கருவிகளுக்கு நன்றி சொல்கிற நாள் அது. அரத்துக்குச் சொன்னேன், ஸ்பேனருக்குச் சொன்னேன். பிறந்தநாள் பரிசைப் படிக்காமல் பழைய கடையில் போட்ட, முகம் தெரியாத அந்த மிலிந்துக்கும் சொன்னேன். அவன் படித்திருந்தால் அது என் மகன் கைக்கு வந்திருக்காது. காய் நறுக்கிக்கொண்டே அதிகாரியாக உட்கார்ந்த பவுனுக்கும், பெரிய இடத்துக்குப் போகும்போது வேறு யாரையும் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டவனுக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சுண்டல் வாங்கிக்கொள்ள கிருஷ்ணஸ்வாமி வந்தார். "நாளைக்குக் காலையில பையன ரெடியா இருக்கச் சொல்லுங்க சார்ஜ்மேன். மச்சான் காத்திருப்பான்."

அவருக்கு நாற்காலி போட்டு, உட்காரவைத்துச் சொன்னேன். "அமையலன்னா நிப்பான்னு சொன்னேன் கிருஷ்ணஸ்வாமி. அமைஞ்சிடுச்சு. உங்க மச்சானுக்கு என் நன்றிய சொல்லணும். உங்களுக்கும்தான். என் பிள்ளைக்காக ஒரு சீட்ட பிடிச்சு வெச்சவர் நீங்க. மறக்கமாட்டேன்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நாற்காலி ரிப்பேருக்காகவா என் மச்சான் சீட்ட வேணாங்கறீங்க?"

"ஆமா" என்றேன்.

உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. பெருமூச்சு விட்டு, சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார். "சரி, நல்லா இருக்கட்டும். மன்றத்துல மேடை நாற்காலிங்க ஆடுது. தீபாவளி விழாவுக்குள்ள பார்த்துடச் சொல்லுங்க. போன தடவ மாதிரியே ஜமாய்ச்சிடலாம்."

கோவிந்தராஜ் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், "கோவிந்து, மாமாவுக்கு விலையைச் சொல்லு."

சொன்னான்.

"இவ்ளோவா?" என்றார் கிருஷ்ணஸ்வாமி.

யாரும் பதில் பேசவில்லை. கோவிந்தராஜ் நேராக நின்றான். நான் நேராக உட்கார்ந்திருந்தேன். பவுன் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். காவ்யா வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாள். கிருஷ்ணஸ்வாமி எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பலகையில் பொட்டு வைத்துக்கொண்டு கைகட்டி நின்றவனையும் பார்த்தார்.

"அந்தப் பொன்னாடைய கழிச்சிக்கக் கூடாதா?"

அதற்கும் நாங்கள் பேசவில்லை.

"சரிப்பா, சரி" என்று கையைத் தூக்கினார். "நாளைக்கு விஜயதசமி. நல்ல நாள். காலையிலேயே வந்து ஆரம்பிச்சிடு."

எழுந்து வாசல் வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தேன். விஜயதசமி அன்று காலையில் குளித்து, நெற்றியில் விபூதியோடு, ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் மகன் தமிழ் மன்றத்து மேடைக்கு முன்னால் போய் நின்றான்.